சரிந்து நின்ற பாடகர் குழு

வேலையிடத்து நத்தார்ப் பண்டிகை விருந்தில் சீட்டிழுத்தபோது எனக்கு ஒரு ட்ரோன் விழுந்தது. எனக்கு முன்னால் போனவருக்குக் கம்பளிப் போர்வை, பின்னால் வந்தவருக்குக் கோப்பி மெஷின். இரண்டில் ஒன்று எனக்குக் கிடைத்திருக்கக் கூடாதா என்று நினைத்தபடிதான் பெட்டியைக் காரில் ஏற்றினேன். ஸ்காபரோவில் ஓர் ஆய்வுகூடத்தில் இரத்தம் பரிசோதிப்பது என் வேலை. ஐம்பத்திரண்டு வயது. நெடுஞ்சாலையில் பயமில்லாமல் கார் ஓட்டவே எனக்குப் பத்து வருடம் எடுத்தது.

என் கணவர் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உதை வைச்சு என்ன செய்யப்போறீர்?"

"பறக்கவிடப்போறன்."

"எங்கை?"

"மேலை."



வசந்தம் வந்ததும் மார்க்கம் நகருக்கு வடக்கே ஓர் அப்பிள் தோட்டத்துக்குப் போனோம். தோட்டக்காரர் அவருடைய நண்பர். பக்கத்து வெறும் நிலத்தில் பறக்கவிடலாம் என்று சொல்லியிருந்தார். ட்ரோனை இயக்கியதும் அதன் கமரா காய்ச்சல்காரரைப் போல நடுங்கத் தொடங்கியது. கமராவை ஆடாமல் பிடித்து வைத்திருக்கும் சின்னக் கைக்குக் கிம்பல் என்று பெயர். கிம்பலின் மோட்டார் தாங்க முடியாத சுமையில் இருக்கிறது என்று போன் திரை சொன்னது. அணைத்துப் போட்டேன். பிறகும் அதே நடுக்கம். புல்லில் உட்கார்ந்து போனில் அரை மணி நேரம் தேடினேன். பழுதுபார்க்க அனுப்பத்தான் வேண்டும் என்று முடிவெடுத்தபோது என் கணவர் குனிந்து பார்த்தார்.

"உதின்ரை மூடியைக் கழட்டினனீரோ?"

கமராவுக்கு மேல் கண்ணாடி போன்ற ஒரு பிளாஸ்ரிக் மூடி. கழற்றியதும் கமரா ஒருமுறை கீழே பார்த்தது, மேலே பார்த்தது, பிறகு அமைதியாக நின்றது. அன்று வீடு வரும்வரை, மூடிக் கதை எழாதபடி, நான் ரேடியோவைக் கொஞ்சம் சத்தமாகவே போட்டிருந்தேன்.

கோடை முடிவதற்குள் எனக்குக் கை வந்துவிட்டது. என் கணவர் எங்கள் தமிழ்ப் பங்குக் கோவிலின் பாடகர் குழுவில் இருக்கிறார். தடித்த குரல்காரர்கள் நிற்கும் வரிசை. குழு தொடங்கி இருபது வருடம் ஆனதற்கு ஒரு மலர் வெளியிடப் போகிறார்கள் என்றும், அட்டைப் படத்தை மேலேயிருந்து எடுக்க வேண்டும் என்றும் குழுவின் தலைவி எனக்குப் போன் எடுத்தார். அவர் பள்ளிக்கூட பஸ்களை வழிநடத்தும் வேலை செய்பவர். முப்பது சாரதிகளை ஒரே குரலில் அடக்குபவர். நான் மறுக்கவில்லை.

ஐப்பசிக் கடைசியில் ஒரு ஞாயிறு, பூசை முடிந்து எல்லோரும் அதே தோட்டத்துக்கு வந்தார்கள். இருபத்துநான்கு பேர். பெண்கள் நாவல்நிறச் சேலைக்கு மேல் குளிர்ச்சட்டை போட்டிருந்தார்கள். படமெடுக்கும்போது மட்டும் கழற்றுவதாக ஏற்பாடு. ஒரு முழுச் சார்ஜில் அரை மணி நேரம் பறக்கும் என்று பெட்டியில் போட்டிருந்தது. நெட்டையானவர்களைப் பின்னுக்கும் கட்டையானவர்களை முன்னுக்கும் நிறுத்தி, சேலைத் தலைப்புகளைச் சரிசெய்து முடிக்கவே பத்து நிமிடம் போனது. அவ்வளவு நேரமும் நான் ட்ரோனை மேலேயே நிற்கவிட்டிருந்தேன். அறுபது வீதம் காட்டிய பற்றரி, நான் கண் சிமிட்டுவதற்குள் இருபது காட்டியது. நான்கைந்து படம் எடுத்ததும் ட்ரோன் என்னைக் கேளாமலே இறங்கி வந்து புல்லில் உட்கார்ந்தது. கொண்டுவந்திருந்த மற்றப் பற்றரி காரில் கிடந்து குளிர்ந்து, போட்ட உடனேயே எச்சரிக்கை காட்டியது.

மாலை படங்களைத் தலைவிக்கு அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் அழைப்பு வந்தது.

"பிள்ளை, நாங்கள் எல்லாரும் குடிவெறியிலை நிக்கிறமாதிரியெல்லே கிடக்கு."

பெரிதாக்கிப் பார்த்தேன். உண்மைதான். பின்னால் மரங்கள், களஞ்சியம், வானம், முன்னால் குழு, எல்லாமே இடப்பக்கம் சரிந்திருந்தன. போனில் திருப்பி நேராக்கினால் ஓரத்தில் நிற்பவர்களின் தோள் வெட்டுப்பட்டது. வெட்டுப்பட்டவர்களில் ஒருவர் தலைவி.

"அடுத்த ஞாயிறு திருப்பி எடுப்பம், அக்கா," என்றேன்.

காரில் குலுங்கி நேர் தவறிய கிம்பலைத் திரும்ப நேர்ப்படுத்த ஒரு வழி இருக்கிறது. ட்ரோனைச் சமமான தரையில் வைத்து ஒரு பொத்தானை அமத்தினால், அது தானே கழுத்தை எல்லாப் பக்கமும் திருப்பி எது நேர் என்று கற்றுக்கொள்ளும். கராஜ் தரையில் வைத்து அமத்தினேன். வெளியே பறக்கவிட்டுப் பார்த்தேன். சரிவு அப்படியே இருந்தது. திரும்பச் செய்தேன். புதன்கிழமைக்குள் நான்கு முறை செய்துவிட்டேன். நாள் முழுக்கக் கருவிகளைச் சரிபார்ப்பதுதான் என் தொழில். இந்தச் சின்னச் சாமான் என்னை அவமானப்படுத்துகிறது என்று எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது.

வியாழன் மாலை என் கணவர் கடைச் சாமான்களோடு கராஜுக்குள் வந்தபோது ஒரு பை கிழிந்தது. தோடம்பழங்கள் விழுந்தன. விழுந்தவை நிற்கவில்லை. ஒன்றன்பின் ஒன்றாக ட்ரோனைத் தாண்டி, கதவைத் தாண்டி, வீதிப் பக்கம் உருண்டன. அவர் பின்னால் ஓடினார். நான் உதவாமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மழைத் தண்ணியும் பனித் தண்ணியும் வெளியே ஓடட்டும் என்று கராஜ் தரையைச் சரிவாகத்தான் போடுவார்கள். இருபது வருடமாக அதில் காரை நிறுத்துகிறோம். நான்தான் ட்ரோனுக்கு நான்கு முறை மினக்கெட்டுச் சரிவைப் படிப்பித்திருக்கிறேன்.

"பழத்தைப் பிடியுமன்," என்று அவர் வெளியேயிருந்து கூப்பிட்டார்.

"பொறுங்கோ, எனக்கு விளங்கிட்டுது."

குசினியில் சமையல் மேடையில் மட்டப்பலகை வைத்துப் பார்த்து, அங்கே ஒரே ஒரு முறை செய்தேன். சரிவு போய்விட்டது.

பற்றரிக்கும் குளிர்தான் பகை என்று வாசித்துத் தெரிந்துகொண்டேன். மாதக்கணக்காக முழுச் சார்ஜில் மேசை லாச்சிக்குள் போட்டு வைத்ததும் என் பிழைதான். பெட்டியோடு வந்த மூன்றில் ஒன்று, லாச்சியை விட்டு வெளியே வராதது, வயிறு வீங்கிக் கிடந்தது. அதைக் கழிவு சேர்க்கும் இடத்தில் கொடுத்துவிட்டு, மிச்ச இரண்டோடு அடுத்த ஞாயிறு போனேன். முதல் ஞாயிற்றைவிடக் குளிர். ஒரு பற்றரி என் சட்டைக்குள் இருந்தது. மற்றதை என்ன செய்வது என்று நான் யோசிக்க, தலைவி கையை நீட்டினார்.

"இஞ்சை தா. நான் கமக்கட்டுக்குள்ளை வைச்சிருக்கிறன்."

நிற்கிற நேரத்தில் பாடினால் முகங்கள் இயல்பாக இருக்கும் என்று சொன்னவரும் அவர்தான். ஆனால் வலது கையைத் தூக்கினால் பற்றரி விழுந்துவிடும். இடது கையால் மட்டும் தாளம் காட்டினார். முதல் பாட்டில் பாதிப்பேர் ஒரு அடி பிந்தித் தொடங்கினார்கள். இரண்டாவதில் சிரிப்புத் தாங்காமல் நிறுத்தினார்கள். அந்தச் சிரிப்பில்தான் நல்ல படங்கள் விழுந்தன. சூடாயிருந்த இரண்டு பற்றரியும் தலைக்கு இருபது நிமிடம் உழைத்தன. மூன்றாவது பாட்டை முழுதாகவே வீடியோ எடுத்தேன்.

வீட்டில் நானும் என் கணவரும் அந்த வீடியோவைப் பெரிய திரையில் போட்டோம். ட்ரோன் சத்தத்தைப் பதிவதில்லை. வாய்கள் மட்டும் அசைந்தன. படம் அவ்வளவு நேர், அவ்வளவு தெளிவு. நடுவில் பெண்கள் மட்டும் பாடும் அடி வந்தது. ஆண்கள் எல்லோரும் வாயை மூடிக்கொண்டார்கள், ஒருவரைத் தவிர.

"அது பொம்பிளையள் பாடிற இடமெல்லே?" என்றேன்.

அவர் தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்தார்.

"ஓம்."

"அப்ப நீங்கள் ஏன் பாடிறியள்?"

"நான் பாடேல்லை," என்றார். கோப்பையைக் கீழே வைத்துவிட்டு மிச்சத்தையும் சொன்னார். "ரெண்டு வருசத்துக்கு முன்னம் அக்கா தனியக் கூப்பிட்டுச் சொன்னவ, சுருதி சேருதில்லை, வாயை மட்டும் அசையுங்கோ எண்டு. எங்கை நிப்பாட்டிறது எண்டு எனக்கு இன்னும் பிடிபடேல்லை."

"பிறகும் கிழமைக்கிழமை போறியளே?"

"நல்ல சனம். பாட்டுக்கு நடுவிலை நிக்கவும் நல்லாயிருக்கு."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. இருபத்துநான்கு பேர் பாடுவதை நான் எப்போதும் தள்ளி நின்றுதான் கேட்டிருக்கிறேன். நடுவில் நின்றால் எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. அவரிடம் கேட்டேன். நெஞ்சுக்குள் அதிரும் என்றார்.

மலர் நத்தாருக்கு முந்திய திருவருகைக் காலத்தில் வெளிவந்தது. அட்டையில் மரங்கள் நேராக நிற்கின்றன. பின்வரிசையில் மூன்றாவதாக அவர் நிற்கிறார். குழுவிலேயே வாயை அகலமாகத் திறந்து, முழு மூச்சோடு பாடுபவர் அவர் ஒருவர்தான் என்று பார்க்கிறவர்கள் சொல்கிறார்கள். தலைவியும் அப்படியே சொன்னார், என் முகத்தை நேராகப் பார்த்துக்கொண்டு. நானும் ஓம் என்றேன்.