கூடையில்லாமல் ஏறிய மலை

1. தாலாட்டு

எழுபதுகளில், இலங்கை மலைநாட்டில் டயகமப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிள்ளைக் காம்பரா ஆயாவாக வேலைக்குச் சேர்ந்தேன். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப் போகும் இடம் அது. முதல் நாள் எல்லாத் தொட்டிலும் ஒரே நேரத்தில் அழுதன. நானும் சேர்ந்து அழுதேன். பால் கொடுக்க வந்த பாக்கியம் அக்காதான் வழி சொன்னார்.

“எதையாவது சத்தமா பேசிக்கிட்டே இரு புள்ள. அதுக கேட்டுக்கிட்டே தூங்கிரும்.”

பேச என்ன இருக்கிறது? என் பையில் ‘வெளிக்காற்று’ இருந்தது. ஹட்டனில் சில வாலிபர்கள் ரோனியோ மெஷினில் அடித்து அனுப்பிய சிறு பத்திரிகை. தொட்டால் மை ஒட்டும். ஈர விறகில் நெருப்பு மூட்டுவது, மேகம் பார்த்து மழை சொல்வது, குறைந்த பொருளோடு நிறைவாக வாழ்வது எல்லாம் அதில் வரும். சத்தமாக வாசித்தேன். பிள்ளைகள் தூங்கின, தாய்மார் விழித்துக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு புது இதழ் வந்தாலே பால் கொடுக்கும் நேரம் கலகலப்பாகிவிடும். லயத்து வரிசை வீடுகளில் கோதுமை மாவுக்கே திண்டாடிய காலம். “எளிமையாக உண்ணுங்கள்” என்று ஒரு நாள் வாசித்தேன்.

“நம்ம லயத்த வந்து பாத்துட்டுத்தான் எழுதியிருக்காங்க” என்றார் பாக்கியம் அக்கா. வயிறு வலிக்கச் சிரித்தோம்.

இன்னொரு இதழில், ஓய்வு நாளில் எந்த வேலையும் வைத்துக்கொள்ளாமல் ஒரு மலையேறுங்கள் என்று போட்டிருந்தது. அதற்கும் சிரித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் எங்களுக்கு விறகு, துணி, ரேஷன். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. ஒப்பந்தம் போட்டுத் தோட்டத்து ஆட்களை இந்தியாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்த காலம்; அவர் குடும்பத்துக்கும் நாள் குறித்தாகிவிட்டது. வியாழக்கிழமை கோச்சி. ரயிலை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்.

“பொறந்ததுலருந்து இந்த மலைக்கு அடியிலதான் கெடக்கேன். உச்சிக்குப் போனதே இல்ல. போறதுக்குள்ள ஒருக்கா பாத்துரணும் புள்ள.”

இருந்ததோ ஒரே ஒரு ஞாயிறு.

2. வாச்சர்

அக்கா தன் கைப்பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டார். நாங்கள் நாலைந்து பேர் கூடையும் இல்லாமல், கத்தியும் இல்லாமல் கிளம்பினோம். கை வீசி நடப்பதே வெட்கமாக இருந்தது. தேயிலை முடியும் இடத்தில் வாச்சர் முனியாண்டி அண்ணன் மறித்தார். காட்டில் யாரும் விறகு வெட்டாமல் பார்ப்பது அவர் வேலை.

“எங்க போறீங்க? வெறகுக்கா?”

“இல்லீங்கண்ணே.”

“அப்ப சங்கக் கூட்டமா?”

“சும்மாதாங்கண்ணே.”

“சும்மா யாரு மலையேறுவா? தொரைக்குத் தெரிஞ்சா என் வேல போயிரும். திரும்புங்க.”

அடுத்த ஞாயிறு அக்கா இங்கே இருக்கமாட்டார். மடியிலிருந்த பத்திரிகையை எடுத்து நீட்டினேன். மலையுச்சியில் தொப்பியை முகத்தில் கவிழ்த்துப் படுத்திருக்கும் ஓர் ஆளின் படம். அதை வெகுநேரம் பார்த்தார்.

“இதுக்கெல்லாமா பத்திரிக போடுறானுங்க?”

“நம்பலேன்னா நீங்களும் வாங்கண்ணே” என்றார் அக்கா. “ஒரு குச்சிய ஒடிச்சா அங்கேயே புடிச்சிருங்க.”

அதுவும் காவல்தானே என்று நினைத்தாரோ என்னவோ, கம்பை ஊன்றிக்கொண்டு பின்னாலேயே வந்தார்.

3. உச்சி

மேலே மானாப்புல்லும் காற்றும்தான். அக்கா ஓடிப்போய் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தார்.

“அடக் கடவுளே, அங்கிட்டும் தேயிலதானா!”

வாச்சர் உட்பட எல்லோரும் சிரித்தோம். பிறகு அக்கா எங்கள் தோட்டத்துப் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். பிள்ளையின் விரலைப் பிடித்து லயம், கோயில், தேயிலை ஸ்டோர் என்று ஒவ்வொன்றாகக் காட்டினார்.

“அதுக்குள்ளதான் பொறந்தேன், கட்டிக்கிட்டேன், நாலு பெத்தேன். இம்புட்டுத்தானா புள்ள?”

வாச்சரும் கம்பைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

வியாழக்கிழமை தலவாக்கலை ஸ்டேசனில் ஒரே ஒப்பாரி. நானும் அழுதேன். அக்கா அழவில்லை. கோச்சி ஜன்னல் வழியாக என் கையைப் பிடித்தார்.

“மத்த புள்ளைகளயும் ஒருக்கா கூட்டிட்டுப் போ. என்னைய மாதிரி போற நேரத்துல வேணாம். இருக்கும்போதே பாக்கட்டும்.”

பாலும் தொட்டிலும் பார்ப்பதோடு ஆயா வேலை முடிந்துவிடாது என்பதை அன்று தெரிந்துகொண்டேன். எண்பதுகளின் கடைசிவரை அந்த வேலையில் இருந்தேன். ஏறத் தெரிந்த பிள்ளைகளையெல்லாம் மேலே கூட்டிப் போனேன். அவர்களிலும் பலர் பிறகு கோச்சி ஏறினார்கள். உச்சியைப் பார்க்காமல் ஒரு பிள்ளையும் போகவில்லை.