மூன்று பொத்தான் மவுசு

கள்ளக்குறிச்சியில் ஓர் உரக்கடைக்கு மேல்மாடியில் பதினோரு பேர் உட்கார்ந்து புரோகிராம் எழுதும் ஆபீஸ் ஒன்று இருக்கிறது. அங்கே சந்தியா மவுசைத் தொடமாட்டாள் என்பது எல்லோருக்கும் தெரியும். ஏன் தொடமாட்டாள் என்பது ஒருவருக்கும் தெரியாது.

திமிர் என்று சிலர் நினைத்தார்கள். கொஞ்சம் திமிரும் உண்டு, இல்லை என்று சொல்ல முடியாது. ஒன்பது வருஷமாகக் கீபோர்டிலேயே எல்லா வேலையையும் முடிக்கிறவள். புதிதாகச் சேர்ந்தவர்களை முதலாளி ராஜாங்கம் அவள் நாற்காலிக்குப் பின்னால் கொண்டுவந்து நிறுத்தி, "கை எங்கயாச்சும் நவுருதா பாருங்க" என்பார். அவள் திரும்பிப் பார்க்கமாட்டாள். ஆனால் அன்றைக்கு இன்னும் கொஞ்சம் வேகமாகத் தட்டுவாள்.

விஷயம் இதுதான். சந்தியா பிறவியிலேயே இடது கைக்காரி. பீச்சாங்கையால் சோறு தின்கிற பெண்ணை எவன் கட்டுவான் என்று சங்கராபுரத்தில் அவள் அம்மா அந்தக் கையைப் பழைய துணியால் இடுப்போடு சேர்த்துக் கட்டி வளர்த்தாள். சாப்பிட, எழுத, விருந்தாளிக்குக் காபி நீட்ட எல்லாவற்றுக்கும் வலது கை பழகிவிட்டது. மவுசுக்கு மட்டும் பழகவில்லை. வலது கையில் பிடித்தால் திரையில் அம்புக்குறி குடித்தவன் மாதிரி போகும். இடது பக்கம் மாற்றி வைத்தால் நாலு பேர் கேட்பார்கள், அது எப்படியும் மாமியார் காதுக்குப் போய்ச் சேரும். கீபோர்டில் இரண்டு கைக்கும் வேலை இருப்பதால் யாராலும் எதையும் கண்டுபிடிக்க முடியாது. ஆகவே மவுசே வேண்டாம் என்று வைத்துக்கொண்டாள்.

அந்த நிம்மதியைக் கெடுக்க முதலில் வந்தவள் இலக்கியா. தை மாதம் சந்தியாவின் கொழுந்தனைக் கட்டிக்கொண்டு தியாகதுருகத்து வீட்டுக்கு வந்தாள். பங்குனியில் அதே ஆபீசில் வேலைக்கும் சேர்ந்தாள். சேர்த்துவிட்டதே சந்தியாதான், அதற்காகப் பிறகு எத்தனையோ முறை தலையில் அடித்துக்கொண்டாள். ஓரகத்திகள் இருவரும் ஒரே ஸ்கூட்டியில் போய் வந்தார்கள். சந்தியா ஓட்ட, இலக்கியா பின்னால் அவள் தோளில் கை வைத்து உட்கார்ந்திருப்பாள்.

வீட்டில் மாமியார் பெரியநாயகி இருக்கிறாளே, அவளுக்கு இரண்டு மருமகள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளந்து பார்க்காவிட்டால் சாப்பாடு இறங்காது. "சின்னவ வச்ச கொழம்புல ஒரு ருசி இருக்குது பாரேன். பெரியவளும்தான் வெக்கிறா, இன்னா இருந்து இன்னா" என்பாள். சந்தியா அதைப் பொறுத்துக்கொண்டாள். குழம்பு போனால் போகட்டும், ஆபீஸ் இருக்கிறது என்று இருந்தாள்.

ஆபீசிலும் வந்தது வினை. ஒரு வெளிநாட்டுக்காரர் பெரிய வேலை ஒன்று கொடுத்தார். தான் இருபது வருஷமாக வைத்திருக்கும் ஒரு எடிட்டரில்தான் எல்லோரும் புரோகிராம் எழுத வேண்டும் என்றும் சொல்லிவிட்டார். அதில் மெனு இல்லை, கலர் இல்லை, கீபோர்டுக் குறுக்குவழி ஒன்றுகூட இல்லை. எல்லாம் மவுசு. இடது பொத்தானை அழுத்தி எழுத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதை விடாமல் நடுப்பொத்தானையும் தட்டினால் வெட்டும், வலதைத் தட்டினால் ஒட்டும். திரையில் இருக்கும் எந்தச் சொல்லையும் நடுப்பொத்தானால் தட்டினால் அது கட்டளையாகி ஓடும்.

"பத்து நாள் பழகுங்க. அடுத்த திங்கக்கெழம அவரு வீடியோவுல பாப்பாரு. சந்தியா, இலக்கியா, புதுசு பழசுன்னு பாக்கமாட்டேன், உங்க ரெண்டு பேர்ல யாரு நல்லா ஓட்டுறீங்களோ அவங்கதான் டீமுக்கு லீடு" என்றார் ராஜாங்கம்.

லீடு. ஒன்பது வருஷமாகச் சந்தியா காத்திருந்த நாற்காலி அது.

இலக்கியா மூன்றே நாளில் பழகிவிட்டாள். உடைந்த சாமான் அலமாரியைக் குடைந்து, சக்கரம் இல்லாத, மூன்று நிஜப் பொத்தான் வைத்த பழைய மவுசு ஒன்றைக் கண்டுபிடித்தாள். மற்றவர்களின் மவுசில் நடுவில் இருப்பது சக்கரம். அழுத்தினால் வழுக்கி, பக்கம் எங்கோ ஓடிவிடும். இவள் விரல்களோ தாயக்கட்டை உருட்டுகிற மாதிரி டக் டக்கென்று விழுந்தன. இப்போது புதியவர்களை ராஜாங்கம் இலக்கியாவின் நாற்காலிக்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்தினார். சந்தியாவுக்கு வயிறு எரிந்தது. அந்த மவுசைப் பார்த்தால் எரிந்தது, அந்த விரலைப் பார்த்தால் எரிந்தது, "அக்கா, நான் வேணா சொல்லித் தரட்டுமா?" என்று அவள் கேட்டபோது தீயே பிடித்துக்கொண்டது.

"எனக்குத் தெரியும், நீ உன் வேலயப் பாரு" என்றாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் இலக்கியா முகம் கழுவப் போயிருந்த நேரத்தில், சந்தியா அந்த மவுசைக் கழற்றித் தன் கைப்பைக்குள் டிபன் டப்பாவுக்கு அடியில் போட்டுக்கொண்டாள். அவள் வாழ்க்கையில் செய்த முதல் திருட்டு. வழியெல்லாம் அந்தப் பை ஸ்கூட்டியின் முன்னால் தொங்கியது. பின்னால் தோளில் கை வைத்தபடி இலக்கியா ஏதோ சிரித்துப் பேசிக்கொண்டு வந்தாள்.

சனிக்கிழமை வீட்டில் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, தன் லேப்டாப்பில் வலது கையால் பழகினாள். வரவில்லை. குறை மவுசில் இல்லை, கையில்தான் என்பது நன்றாகத் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வேன் பிடித்துக் கரியாலூருக்கு அருவி பார்க்கக் கிளம்பினார்கள். தலைவலி என்று சொல்லி அவள் மட்டும் தங்கிவிட்டாள். வேன் தெருமுனை திரும்பியதும் மவுசை இடது பக்கம் வைத்தாள். பொத்தான்களை இடம் மாற்றும் வசதி கம்ப்யூட்டரிலேயே இருந்தது. ஒரே ஒரு டிக். பழைய மவுசு இரண்டு பக்கமும் ஒரே அளவாக இருந்ததால் இடது கைக்குள் அடங்கி உட்கார்ந்தது.

ஒரு மணி நேரத்தில் வெட்டினாள், ஒட்டினாள். மத்தியானத்துக்குள் விரல் தானாக ஓடியது. முப்பத்து மூன்று வருஷம் கட்டிப்போட்டிருந்த கை. சந்தியா கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, நாளைக்கு இலக்கியாவின் முகம் எப்படிப் போகும் என்று நினைத்துப் பார்த்தாள். அது இனித்தது.

திங்கட்கிழமை காலை ஆபீசே மவுசைத் தேடியது. கிடைக்கவில்லை. இலக்கியா ஒரு சக்கர மவுசை வைத்துக்கொண்டுதான் வெளிநாட்டுக்காரர் முன்னால் உட்கார்ந்தாள். நன்றாகத்தான் ஓட்டினாள். நடுவில் சக்கரம் வழுக்கி, மூடச்சொல்லும் கட்டளைச் சொல்லின் மேல் பொத்தான் அழுந்தி, திரையில் எழுதிய பக்கமே மறைந்துபோனது. மறுபடி திறந்து எழுதப் பத்து நிமிஷம் ஆயிற்று.

அடுத்து சந்தியா. சக்கர மவுசை எடுத்து இடது பக்கம் வைத்து, பொத்தான்களை இடம் மாற்றினாள். அறையில் சலசலப்பு. மாமியார் காதுக்குப் போகுமே என்ற பயம் இன்றைக்கு வரவில்லை. முதல் வரியிலேயே சக்கரம் அவளுக்கும் வழுக்கியது. இந்த எலும்பில்லாத மவுசில் தோற்றால் அவ்வளவுதான், இந்த ஜென்மத்தில் லீடு கிடையாது. அவள் குனிந்தாள், கைப்பையைத் திறந்தாள், பழைய மவுசை எடுத்துச் சொருகினாள். பிறகு இருபது நிமிஷம் யார் முகத்தையும் பார்க்கவில்லை. முடித்தபோது திரையில் வெளிநாட்டுக்காரர் கை தட்டினார்.

வீடியோ அணைந்தது. "காலைலேர்ந்து இந்த மவுசத்தானேம்மா தேடிக்கினு இருந்தோம்?" என்றார் ராஜாங்கம்.

சந்தியா மவுசைக் கழற்றி மேசை மேல் வைத்தாள்.

"நாந்தான் சார் குடுத்தேன்" என்றாள் இலக்கியா. "வூட்டுல பழகட்டும்னு அக்காகிட்ட குடுத்தேன். மறந்தே பூட்டேன்."

எல்லோரும் சிரித்தார்கள். இலக்கியாவுக்குத் திட்டு விழுந்தது. லீடு சந்தியாவுக்கு.

சாயங்காலம் ஸ்கூட்டியில் இலக்கியா ராத்திரிக்கு என்ன குழம்பு வைக்கலாம் என்று கேட்டுக்கொண்டு வந்தாள். வழக்கம்போல் தோளில் கை. அந்தக் கை கனத்தது. குழம்பு ருசி அவளுக்கு, மாமியார் அவளுக்கு, இப்போது பெரிய மனசும் அவளுக்கா? லீடை வாங்கிக்கொண்டு தான் திருடியாகவும், விட்டுக்கொடுத்து அவள் உத்தமியாகவும் ஒரே வீட்டில் எத்தனை வருஷம் இருப்பது? தியாகதுருகத்து மலைக்கோட்டை கண்ணில் பட்டதும் சந்தியா வண்டியை ஓரம் கட்டினாள். போனை எடுத்தாள்.

"சார், அந்த மவுச அவ குடுக்கல. நாந்தான் எடுத்தேன். அவளுக்குத் தெரியாது."

"நாளைக்கு வா, பேசிக்கலாம்" என்று ராஜாங்கம் வைத்துவிட்டார்.

இலக்கியா கீழே இறங்கி நின்றாள். "ஏங்க்கா சொன்னீங்க? லீடு போயிடப் போவுது."

"போனாப் போவட்டும். நீ நல்லவளாவே இருந்துக்கினு இருப்ப, நான் அத தெனம் பாத்துக்கினு இருக்கணுமா?"

இலக்கியா ஏறி உட்கார்ந்தாள். சந்தியா வண்டியைக் கிளப்பினாள். சற்றுத் தூரம் போனதும் தோளில் மறுபடி கை வந்து விழுந்தது. வலது கை, அதிலும் குறை சொல்ல இடமில்லை என்பதைச் சந்தியா கவனித்தாள்.