கறுத்தி எண்டால் வேல் நகராது

சின்னத்தங்கத்தை அந்தப் பேர் சொல்லிக் கூப்பிட்டது அவளைப் பெத்தவர்கள் மட்டும்தான். எங்கட ஊரில் மற்ற எல்லாருக்கும் அவள் கறுத்தி. ஊர் வயலில் பாதி பத்தக்குட்டிப் போடியாருடையது. அதில் புல்லுப் புடுங்கப் போற பொம்பிளையளுக்கு அவள்தான் தலைவி, நானும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தி. வரம்பில் குடை பிடிச்சுக்கொண்டு நிண்டு, "ஏய் கறுத்தி, என்னடி வாய் பாத்துக்கொண்டு நிக்கிறாய்?" எண்டு போடியார் கத்துவார். அவள் நிமிராமல் புடுங்குவாள். புருசன் செத்த பிறகு ரெண்டு பொம்பிளப் பிள்ளைகளையும் அந்தக் கூலியில்தான் வளர்த்தாள். வேற என்னத்தைச் செய்ய?

ஆனால் கதிர்காமக் கொடியேற்றம் நெருங்கினால் அவளைப் பிடிக்க ஏலாது. பொட்டலத்தைத் தலையில் வைச்சுக்கொண்டு நடக்க வெளிக்கிட்டுவிடுவாள்.

"பஸ்ஸில போனா ஒரு பகல்தானே கா?" எண்டு ஒருக்கால் கேட்டன்.

"பஸ்ஸில என்னை ஆர் சாமி எண்டு கூப்பிடுவா?" எண்டாள்.

அதுதான் விசயம். வேலுக்குப் பின்னால் நடக்கத் தொடங்கினால் கொடியேற்றம் காணும்வரை ஒருத்தருக்கும் பேர் கிடையாது. பணக்காரன், பிச்சைக்காரன், ஆம்பிளை, பொம்பிளை எல்லாரும் சாமி. பிறகு நானும் அவளோட நடக்கத் தொடங்கினன். எங்கட குழுவில் வேல் தூக்கின பெரியவரை வேல்சாமி எண்போம். அவர் இன்னொரு சட்டமும் வைச்சிருந்தார். வாய் தவறி ஆரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டால், கூப்பிட்டவர் அந்தச் சாமியின்ர காலில் விழ வேணும். விழும்வரை வேல் நகராது, வேல் நகராமல் ஒருத்தரும் நகரப்படாது. ஒரு மனிசன் பெண்சாதியின்ர காலில் விழுந்து விழுந்தே உகந்தைக் கோயிலுக்கு வந்து சேர்ந்தார்!

ஒரு வருசம் போடியாரும் வந்தார். முழங்கால் வருத்தம் மாற நேத்திக்கடனாம். முழங்கால் ஏலாதவன் நடக்கிறதுக்கா நேத்தி வைப்பான் எண்டு நாங்கள் சிரிச்சம். மனிசன் நல்லாத்தான் நடந்தார். "கொஞ்சம் தள்ளி இரிங்க சாமி" எண்டெல்லாம் வாய் இனிக்கப் பேசினார். கறுத்தியோடு மட்டும் ஒரு சொல்லுப் பேசவில்லை. அவளைச் சாமி எண்டு சொல்ல அந்த நாக்கு வளையவில்லை.

உகந்தை தாண்டினால் காடு. கும்புக்கன் ஆறு கடந்து வியாழைப் பக்கம் போனால் தண்ணி அருமை. வெயில் மண்டையைப் பிளந்தது. எல்லாருடைய போத்தலும் காலி, கறுத்தியின்ர தண்ணிக் கானில் மட்டும் கொஞ்சம் கிடந்தது. நொண்டிக்கொண்டு வந்த போடியார் ஒரு பாலை மரத்தடியில் தொப்பெண்டு இருந்தார். இருந்த கையோடு கத்தினார்.

"ஏய் கறுத்தி! அந்தத் தண்ணிய இஞ்ச கொண்டாடி!"

வேல் நிண்டது. போடியார் நாக்கைக் கடிச்சார். கறுத்தி பொட்டலத்தை இறக்கிவைச்சுப்போட்டு அப்படியே மணலில் இருந்துவிட்டாள்.

"சட்டம் தெரியும்தானே சாமி? விழுங்க, வெளிக்கிடுவம்" எண்டார் வேல்சாமி.

"ஆர்ர காலில? என்ர வயலில புல்லுப் புடுங்குறவட காலிலயா?" போடியாருக்குக் கண் சிவந்தது. "இஞ்ச பார், ஊருக்கு வந்தா என்ர வரம்பில நீ கால் வைக்கேலாது. சொல்லிப்போட்டன்!"

நான் அவளுக்குக் கிட்டப் போய் இருந்தன். "விட்டுக்குடுங்க சாமி, வீட்டில ரெண்டு குமர் இரிக்கு" எண்டு அவளின்ர காதுக்குள் சொன்னன்.

"நீங்க சும்மா இரிங்க சாமி" எண்டாள். எழும்பிப் போய்க் கானின்ர மூடியில் தண்ணி ஊத்தி அவரிடம் நீட்டினாள். "குடிங்க சாமி. தண்ணி வேற, கால் வேற." அவர் மடமடவெண்டு குடிச்சார். அவள் திரும்பி வந்து பழைய இடத்திலேயே இருந்தாள். மனுசி எண்டால் அவள்தான் மனுசி!

"இந்தக் காட்டில யானையின்ர பேர் சொல்லப் பயந்து, கணபதி கணபதி எண்டு கும்பிட்டுக்கொண்டு வாறிங்க" எண்டாள். "அது மிதிச்சுப்போடும், அதால மரியாதை. நான் மிதிக்கமாட்டன் எண்டுதானே எனக்கு இந்த வாய்? வருசம் முழுக்க உங்களுக்கு நான் கறுத்தி. இந்த வழியிலதான் சாமி. இதயும் உங்களுக்குத் தரமாட்டன். வயல நீங்களே வெச்சிருங்க."

பாதிப் பேர் அவளைத் திட்டினார்கள், பாதிப் பேர் அவரை. வெயில் சாய்ந்தது. பத்தைக்கு அங்கால படாரெண்டு ஒரு கொப்பு முறிஞ்சது. பிறகு இன்னொண்டு, இன்னும் கிட்ட. கணபதிதான். முழங்கால் வருத்தக்காரன் பாய்ந்து வந்த வேகத்தைப் பாக்கவேணும்! கறுத்தியின்ர காலில் விழுந்து கிடந்தார்.

"எழும்புங்க சாமி" எண்டாள். வேல் நகர்ந்தது.

பயத்தில் விழுந்த மனிசன் ஊருக்கு வந்து சொன்ன சொல்லைக் காப்பாத்தினார். கறுத்திக்கு வயலில் வேலை இல்லை. மாரி மழையில் நனைஞ்சு நனைஞ்சு வாவியில் இறால் பிடிச்சு வித்தாள். பிள்ளைகள் பல நாள் மரவள்ளியைத்தான் திண்டார்கள். அவள் ஒருத்தரிடமும் போய் நிக்கவில்லை. போடியாரின்ர வெள்ளாமையில் புல்லு முழங்காலுக்கு எழும்பினது. அவர் எங்களைக் கூப்பிட்டார். "சாமி வராம நாங்களும் வரமாட்டம்" எண்டு சொல்லிப்போட்டம். எங்கட அடுப்பும்தான் அணைஞ்சு கிடந்தது, ஆனாலும் சொன்னம்.

ஒருநாள் காலமை நான் அவளின்ர வீட்டில் நிக்கேக்க, போடியார் குடையோடு வேலியடியில் வந்து நிண்டார்.

"கறுத்தி!"

அவள் மா அரிச்சுக்கொண்டிருந்தாள். கை நிக்கவில்லை.

"சின்னத்தங்கம்..."

அட, மனிசனுக்குப் பேர் தெரிஞ்சிருக்கு! அதுக்கும் அவள் நிமிரவில்லை. போடியார் தெருவை அங்கயும் இஞ்சயும் பாத்தார்.

"சாமி" எண்டார், மெல்ல.

"ஆர் அது? எனக்குக் கேக்கல்ல."

போடியார் குடையை மடக்கினார். "சாமி!" எண்டு கத்தினார். தெருவால் போன ஒருத்தன் சைக்கிளை நிப்பாட்டிவிட்டான்.

அவள் கையில் ஒட்டின மாவைத் தட்டிக்கொண்டு எழும்பினாள்.

"நாளைக்கு வாறம் சாமி. வரம்பில நிண்டும் இதே சத்தத்தில கூப்பிடுங்க."