மில்லுக்கு வாங்கிய மூணு பேஸ் மீட்டர்

ஆடித்தபசுத் திருவிழாவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது எங்கள் மாவு மில் நின்றது. மாவிளக்குக்காகப் பச்சரிசியை ஊறவைத்து, அரை ஈரமாக உலர்த்தி, தூக்குவாளிகளில் கொண்டுவந்த பெண்கள் வாசலிலிருந்து தெருமுனை வரைக்கும் நின்றிருந்தார்கள். அரைபட்டுக்கொண்டிருந்த அரிசி பாதியில் இருக்க, மோட்டார் முனகிக்கொண்டே அடங்கியது. ஓடிப்போய் சுவிட்சை அணைத்தேன். ஊருக்கே கரண்ட் போய்விட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம் என் கணவரின் அண்ணனுடைய நெல் மில் ஓடிக்கொண்டிருந்தது.

அந்தக் கட்டடம் என் மாமனார் கட்டியது. அவர் போனபிறகு நடுவில் சுவர் எழுப்பி, பெரிய பக்கத்தை அண்ணனும் சின்னப் பக்கத்தை நாங்களும் எடுத்துக்கொண்டோம். இடத்தைப் பிரித்தவர்கள் கரண்டைப் பிரிக்கவில்லை. மீட்டர் அவர் பக்கத்தில், அவர் பெயரில் இருந்தது. அங்கிருந்து எங்களுக்கு வயர் இழுத்து, அவர் பக்கத்துச் சுவரிலேயே ஒரு சப் மீட்டர் வைத்திருந்தார்கள். அதற்கு மேலே பேஸுக்கு ஒன்றாக மூன்று பீஸ் கட்டைகள், அதாவது ஃபியூஸ்கள். அதில் ஒன்றை மட்டும் பிடுங்கினால் மோட்டார் உடனே நிற்காது, முனகும். ஆள் கவனிக்காமல் விட்டால் உள்ளே சுருள் எரிந்து புகைந்துவிடும். அவர் ஒன்றை மட்டும்தான் பிடுங்கியிருந்தார்.

நான் அந்தப் பக்கம் போனேன். பீஸ் கட்டை அவர் மேஜைமேல் கிடந்தது.

“அத்தான், இதை யாரு புடுங்குனது?”

“நாந்தான். என் மில்லுக்கே கரண்டு பத்தலை. நீ நாளைக்கு அரைச்சுக்க.”

“ஈர அரிசி அத்தான். நாளைக்குப் புளிச்சுப் போயிரும்.”

“அப்ப அவளுகளை இங்கன அனுப்பு. நான் அரைச்சுத் தாரேன்.”

அப்போதுதான் அவருக்குப் பின்னால் பார்த்தேன். சந்தனமும் குங்குமமும் வைத்த புது மாவு மிஷின் ஒன்று நின்றது. நெல் மட்டும்தான் குத்துவேன், மாவு உங்களுக்கு என்று பாகப்பிரிவினையன்று பத்துப் பேர் முன்னால் சொன்ன மனிதர். அன்று என் வாசலில் நின்ற பெண்கள் எல்லோரும் அவர் வாசலுக்குப் போனார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. அரிசி புளித்தால் மாவிளக்கு எப்படிப் போடுவார்கள்?

“விடுட்டி, அண்ணன்தான” என்றார் என் கணவர். அவருக்கு எல்லாவற்றுக்கும் அந்த ஒரு பதில்தான். இனி அந்தச் சுவரிலிருந்து ஒரு வயர்கூட என் மில்லுக்கு வரக்கூடாது, எங்களுக்கென்று தனி மீட்டர் வேண்டும் என்று அன்றைக்கே சொன்னேன்.

கட்டடப் பத்திரம் இன்னும் அண்ணன் தம்பி இருவர் பெயரிலும் இருந்ததால் தனி மீட்டருக்கு அண்ணனின் சம்மதக் கையெழுத்து வேண்டும். போட மாட்டார் என்றே நினைத்தேன். ஒரு வாரம் கழித்து என் கணவர் சிரித்த முகத்தோடு வந்தார். அண்ணன் தன்னுடைய வயர்மேனை வைத்து மனுவைப் பூர்த்தி செய்து, கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிட்டாராம். வாங்கிப் படித்தேன். மீட்டர் என்ற இடத்தில் ‘ஒரு பேஸ்’ என்று எழுதியிருந்தது.

“நம்ம மோட்டாருக்கு இப்ப மூணு பேஸ்ல வருது, இதுல ஒண்ணுன்னு போட்டிருக்கு?” என்று கேட்டேன்.

“மீட்டர்னா மீட்டர்தான். அவுக வயர்மேனுக்குத் தெரியாதா?”

எனக்கு நம்பிக்கை வரவில்லை. உள்ளூர் வயர்மேன்கள் எல்லோரும் அவர் கை ஆட்கள். மறுநாள் காலையில் பஸ் ஏறிப் புளியங்குடிக்குப் போனேன். அங்கே எலுமிச்சை மார்க்கெட்டுக் கடைகளுக்கு வயரிங் செய்யும் ஒருவரைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தேன். அவர் ஏணிமேல் நின்று வேலை செய்துகொண்டிருந்தார். இறங்கவில்லை. கையை மட்டும் நீட்டித் தாளை வாங்கினார்.

“என்ன தொழிலு?”

“மாவு மில்.”

“மோட்டார் எத்தனை எச்.பி.?”

“அஞ்சு. மிளகாய்க்கு இன்னொரு அஞ்சு போடலாம்னு இருக்கேன்.”

“முன்னால கடை எதுவும் உண்டா?”

“பொடி வகையெல்லாம் பாக்கெட் போட்டு விக்கணும்.”

அவர் தாளை என்னிடமே திருப்பிக் கொடுத்தார். “எம்மா, இந்த மீட்டரை வச்சு வீட்ல கிரைண்டர் ஓட்டலாம். மில்லு ஓடாது. எழுதுனவனுக்கு வேலை தெரியலைன்னு நினைக்காதிய. நல்லாத் தெரிஞ்சுதான் எழுதியிருக்கான். பணத்தைக் கட்டி, மீட்டர் வந்து, மோட்டாரை மாட்டும்போதுதான் நீங்க முழிப்பிய.”

அதன்பிறகே அவர் ஏணியிலிருந்து இறங்கி, ஒரு அட்டைப்பெட்டியின் மூடியைக் கிழித்து அதில் படம் போட்டுக் காட்டினார். இரண்டு மோட்டாருக்கும் சேர்த்து மூணு பேஸ் மீட்டர் ஒன்று. இப்போது ஐந்து எச்.பி.க்கு மட்டும் எழுதிவிட்டுப் பிறகு மிளகாய் மிஷினைக் கூட்டினால் மறுபடியும் முதலிலிருந்து அலைய வேண்டும், அதனால் பத்துக்கே எழுதச் சொன்னார். முன்கடையின் விளக்குக்கும் ஃபேனுக்கும் ஒரு பேஸ் மீட்டர் தனியாக. மில்லுக்கு ஒரு ரேட், கடைக்கு ஒரு ரேட். மில் லைனிலிருந்து கடைக்கோ வீட்டுக்கோ ஒரு பல்புக்குக்கூட வயர் போகக்கூடாது, போனால் அபராதம் போட்டுக் கரண்டையே துண்டித்துவிடுவார்கள் என்று இரண்டு முறை சொன்னார்.

திரும்பி வந்ததும் நேராக நெல் மில்லுக்குப் போனேன். சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள்.

“மூணு பேஸுன்னு மாத்தி எழுதிக் கையெழுத்துப் போடுங்க அத்தான்.”

“ஒண்ணுக்குப் போட்டதே பெருசு. பொம்பளைக்கு என்னத்துக்கு மூணு பேஸு?” என்று அவர் சொல்ல, ஆட்கள் சிரித்தார்கள்.

நான் அந்தத் தாளைக் கிழித்து அவர் மேஜைமேலேயே போட்டேன்.

எங்களுக்கு எதிர்ச்சாரியில் கடையநல்லூர்க்காரர் ஒருவரின் கட்டடம் பூட்டிக் கிடந்தது. ஜவுளி வியாபாரி. மகன்கள் வளைகுடாவில் இருந்தார்கள். கடையநல்லூர் போய் அவரைப் பார்த்து வாடகைக்குக் கேட்டேன், கூடவே மீட்டருக்குச் சம்மதமும். “கையெழுத்துதானம்மா, எங்க போடணும்னு காட்டு” என்றார் அந்த பாய். எத்தனை பேஸ் என்றுகூட அவர் கேட்கவில்லை. சொந்தக்காரர் தராததை ஒரு அசலார் அரை நிமிடத்தில் தந்தார். வெளியே வந்து தெருவில் நின்று அழுதேன், ஆத்திரத்தில்.

கரண்டாபீசுக்கு எத்தனை முறை நடந்தேன் என்று கணக்கில்லை. கம்பம் வர வேண்டும், மீட்டர் வர வேண்டும் என்று மாதங்கள் போயின. என் கணவர் ஒரு முறைகூட வரவில்லை. அண்ணனுக்கு எதிரே கடை போட்டால் ஊர் சிரிக்கும் என்றார். ஊர் ஏற்கெனவே சிரித்துவிட்டது என்றேன். மீட்டர்கள் வந்து, மோட்டார்களை அந்தக் கட்டடத்துக்கு மாற்றிய அன்று, பெரியதன் கண்ணாடிக்குள் சக்கரம் முதல் சுற்றுச் சுற்றுவதை நான் தனியாகத்தான் பார்த்தேன்.

மாவோடு மிளகாயும் சேர்த்து அரைத்துத் தர ஊரில் அப்போது ஆள் குறைவு. இளையரசனேந்தல் பக்கத்திலிருந்தெல்லாம் மூட்டையோடு வந்தார்கள். தெருவுக்கு அந்தப் பக்கம் புது மாவு மிஷின் சும்மா கிடந்தது. அவர் வாசலில் நாற்காலியைப் போட்டு, என் மில்லுக்குள் நுழைகிறவர்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டிருப்பார். நான் வேண்டுமென்றே மிளகாயைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அரைப்பேன். அவர் தும்மும் சத்தம் எனக்குக் கேட்கும்.

அடுத்த கோடையில் ஒருநாள் ஜீப் வந்து நின்றது. மில் கரண்டில் நான் கடையும் வீடும் நடத்துவதாகப் பெயரில்லாத கடிதம் ஒன்று போயிருக்கிறது. எழுதியது யார் என்று யோசிக்க வேண்டிய அவசியம் எனக்கில்லை. அவர் எதிரே நாற்காலியில் உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். வந்த அதிகாரி ஒவ்வொரு வயரையும் தொட்டுப் பார்த்தார். முன்கடை ஃபேனின் வயர் சின்ன மீட்டருக்குப் போனது, மோட்டார்களின் வயர் பெரிய மீட்டருக்குப் போனது. வேறெதுவும் இல்லை.

“சரியாத்தான் வச்சிருக்கீங்க” என்று நோட்டை மூடினார். போகிற போக்கில், “இந்தத் தெருவுல வேற மில்லு இருக்காம்மா?” என்று கேட்டார்.

கையை நீட்டி எதிரே காட்டினேன். கூடவே, “பின்னாடி அவுக வீடு இருக்கு, அதையும் பாருங்க” என்றேன். அந்தச் சுவருக்கு மறுபக்கம் அத்தனை வருஷம் இருந்தவள் நான். அந்த வீட்டு விளக்கெல்லாம் எந்த லைனில் எரிகிறது என்று எனக்குத் தெரியும்.

அன்று சாயங்காலத்துக்குள் அவருடைய கரண்டைத் துண்டித்துவிட்டார்கள். நெல் மில்லும் நின்றது, பின்னாலிருந்த வீடும் இருண்டது. அது இருண்ட முதல் கால் மணி நேரம் எனக்கு இருந்த சந்தோஷத்தை நான் மறைக்கப்போவதில்லை.

என் கணவர் வீட்டுக்கு வந்ததும், “காட்டிக் கொடுத்தியோ?” என்று கேட்டார்.

“ஆமா.”

அதன்பிறகு ஒரு மாதம் அவர் என் கையால் சாப்பிடவில்லை.

ஐந்தாறு நாள் கழித்து மதினி, அண்ணனின் மனைவி, தெருவைக் கடந்து வந்தாள். எங்களுக்குள் ஒருநாளும் சண்டை வந்ததில்லை. என் இரண்டு பிரசவத்துக்கும் பக்கத்தில் இருந்தவள் அவள். அவளுடைய மகள் பிரசவத்துக்கு வந்து, பிள்ளை பிறந்து பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. எனக்கும் அது தெரியும். அதிகாரிக்குக் கை காட்டிய நேரத்தில் நினைவுக்கு வரவில்லை.

“பிள்ளைக்கு உடம்பு பூரா வேர்க்குரு. விசிறி விசிறி எனக்குக் கை ஓஞ்சு போச்சு” என்றாள். “சண்டை உனக்கும் அவருக்கும்தானட்டி? பச்சைப்பிள்ளை என்ன செஞ்சுது?”

“இங்கன தூக்கிட்டு வாங்க மதினி. முன்கடையைக் காலி பண்ணித் தாரேன், ஃபேன் இருக்கு.”

அவள் மேலே சுற்றிக்கொண்டிருந்த ஃபேனைப் பார்த்தாள்.

“உன் காத்து எங்களுக்கு வேண்டாம்” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

அபராதம் கட்டி, வீட்டுக்குத் தனி மீட்டர் வைத்து, அவர்களுக்கும் கரண்ட் வந்துவிட்டது. பிள்ளையும் நன்றாகத்தான் வளர்ந்தது. இரண்டு மில்லும் எதிரெதிரே பல வருஷம் ஓடின. அவரை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பல்லைக் கடிக்கத்தான் தோன்றுகிறது. அதிகாரிக்குக் கை காட்டியதற்காக நான் வருத்தப்படவில்லை. மதினி மட்டும் அதன்பின் கோயிலில் எதிரே வந்தாலும் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு வேறு பக்கம் திரும்பிப் போனாள், சாகும்வரை.