ஃபாரத்தில் இல்லாத மாத்திரை

அப்பாவிடமிருந்து எனக்கு வந்த ஒரே சொத்து கை நடுக்கம். எனக்குக் கிடைத்த வேலையோ வல்லம் வடகால் செல்போன் கம்பெனியில் கடுகளவு ஸ்க்ரூ முடுக்குவது. டாக்டர் ஒருவர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். தினமும் அதைப் போட்டால் கை சொன்ன பேச்சைக் கேட்டது.

வேலையில் சேர்ந்த அன்று மெடிக்கல் ஃபாரம் தந்தார்கள். எங்கள் வசதிக்காக, நிரப்பிய ஃபாரம் ஒன்றைச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். ‘தொடர்ந்து சாப்பிடும் மாத்திரை’ என்ற இடத்தில் அதில் ‘இல்லை’ என்றிருந்தது. அன்று சேர்ந்த நாங்கள் நாற்பது பேரும் பெயரை மட்டும் மாற்றிவிட்டு மிச்சத்தை அப்படியே பார்த்து எழுதினோம். ரத்த வகைகூட நாற்பது பேருக்கும் ஒன்றுதான். யாரும் சந்தேகப்படவில்லை.

போன வருடம் ஒரு நாள், ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ் ஏறும்போது கழுத்தில் குளவி கொட்டியது. சுங்குவார்சத்திரம் வருவதற்குள் உதடு வீங்கி, மூச்சு இழுக்க ஆரம்பித்தது. அதே பஸ்ஸில் வந்த சூப்பர்வைசர் என்னை ஆட்டோவில் தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

டாக்டர் தொடையில் அட்ரினலின் ஊசி போட்டார். இறங்கிப்போயிருந்த பிரஷர் ஏறவில்லை. இன்னொன்று போட்டார். அப்போதும் ஏறவில்லை.

“ரெகுலரா மாத்திரை ஏதாவது சாப்பிடறாரா?”

“அதெல்லாம் ஒண்ணும் கிடையாது சார். ஃபாரத்துலயே எழுதிக் குடுத்துகீறான்” என்றார் சூப்பர்வைசர், கம்பீரமாக.

எனக்குச் சாகவும் பயம், அவர் எதிரில் வாயைத் திறக்கவும் பயம். மூச்சு முட்டும் நேரத்திலும் வேலை போய்விடுமே என்றுதான் யோசித்தேன். நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. கண் இருட்டிக்கொண்டு வந்த பிறகுதான், “நடுக்கத்துக்கு மாத்திரை போடறேன் சார்” என்று அதன் பெயரைச் சொன்னேன்.

டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார். “மொதல்லயே சொல்ல மாட்டியா? நெஞ்சு படபடக்கறது, கை நடுங்கறது, எல்லாத்தையும் தூண்டி விடறது அட்ரினலின்தான். உன் மாத்திரை அதுக்குக் கதவச் சாத்திடும். நான் போடற ஊசியும் அதே கதவாண்டதான் வந்து நிக்குது.”

வேறொரு மருந்தை நரம்பில் ஏற்றினார். கொஞ்ச நேரத்தில் எனக்கு மூச்சு சீரானது. சூப்பர்வைசரின் முகம் மட்டும் வெளுத்துக்கொண்டே போனது. இன்றோடு வேலை காலி என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

அவர் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. வெளியே போன டாக்டரின் பின்னாலேயே ஓடினார்.

“சார், ஒரு டவுட்டு. அதே மாத்திரையத்தான் நானும் மூணு வருஷமா போட்டுகினு கீறேன். என்னியும் குளவி கொட்டினா இன்னா சார் ஆவும்?”