பேதி உப்பும் கொள்முதல் விதியும்

மூன்று நாள் காலையில் காப்பிக்கு முன்னால் பேதி உப்பைக் கரைத்துக் குடித்த படித்த முட்டாள் நான்தான்.

எண்பதுகளில், மெட்ராஸிலிருந்து ஒரு ராத்திரி ரயில் தூரத்தில் இருந்த பாலாநகர் தொழிற்சாலை ஒன்றில், விமானக் கருவிகளுக்குச் சாமான் வாங்கும் பிரிவில் இருந்தேன். சர்க்கரை வியாதி வந்து ஆறு வருடம். கம்பெனி பஸ்ஸில் ஏறக் காலைத் தூக்கினாலே கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும். தொழிற்சாலை டாக்டர் ரத்தம் சோதித்தார்.

"சர்க்கரை ஏறினா மக்னீசியம் சிறுநீர்ல ஓடிடும், சார். உங்களுக்குக் குறைச்சலா இருக்கு" என்று மாத்திரை எழுதினார்.

கடையில் அந்த மாத்திரை இல்லை. எங்கள் பிரிவில் கேட்டது கிடைக்காவிட்டால், 'அல்லது அதற்குச் சமமானது' என்று எழுதி வேறொன்றை வாங்கிவிடுவோம். பேதி உப்பிலும் மக்னீசியம்தானே இருக்கிறது? வாங்கிவிட்டேன்.

குமட்டும் கசப்பு. இரண்டு நாள் வயிறு கலங்கியது. பழகிவிடும் என்று நினைத்தேன். மூன்றாம் நாள் பஸ்ஸிலிருந்து நேரே கழிப்பறைக்கு ஓடினேன். தாழ்ப்பாள் இல்லை, தண்ணீர் இல்லை, முந்தைய ஷிப்ட் விட்டுப்போனது மட்டும் அப்படியே இருந்தது. ஒரு கையால் கதவையும் மறு கையால் மூக்கையும் பிடித்துக்கொண்டு குந்தியபோது கெண்டைக்கால் இழுத்தது. எழவும் முடியவில்லை. அந்த நாற்றத்தைவிட என் புத்திசாலித்தனம்தான் அதிகம் அருவருப்பாக இருந்தது.

டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார். "பேதியில மிச்சமிருந்த மக்னீசியமும் போயிருக்கும், சார்!"

வீட்டில் சொன்னேன். மனைவி சிரிக்கக்கூட இல்லை.

"ஏரோப்ளேனுக்கும் இப்படித்தான் சாமான் வாங்குறீங்களா? நாம மெட்ராஸுக்கு எப்பவும் ரயில்லயே போலாம்ங்க."