முந்நூறு அனுமதிகள்

நகரியிலிருந்து தினமும் ரயிலேறித் திருப்பதிக்கு வரும் சிட்டிபாபு, ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் இருபத்தாறு வருடமாக மெயின்ஃபிரேம் என்கிற பெரிய கணினியின் ஆபரேட்டர். இப்போது கட்டளைகளை ஏஐ எழுதுகிறது. அவர் படித்துப் பார்த்து ‘அனுமதி’ பொத்தானை அழுத்தினால்தான் அவை ஓடும். ஒரு நாளைக்கு முந்நூறு கட்டளைகள். அத்தனையும் சரியாகவே இருந்து தொலைக்கும்.

நேற்று மத்தியானம் மேனேஜர் ஹரிதா அவர் மேசைக்கு வந்தார்.

“இப்ப ஒரு கட்டளை வந்துச்சே, பாலிசி ஃபைலையே அழிக்கிற கட்டளை சார் அது. நீங்க படிக்கிறீங்களான்னு பார்க்க நான்தான் பொய்யா அனுப்புனேன். அனுமதி குடுத்துட்டீங்க.”

“படிச்சிக்கினுதாம்மா இருக்கேன். நூறு தாண்டினா கண்ணு படிக்குது, மண்டையில ஏற மாட்டேங்குது.”

அவர் சொல்லி முடிப்பதற்குள் திரையில் அடுத்த கட்டளை வந்தது. ஹரிதாவைப் பார்த்தபடியே அனுமதியை அழுத்தினார்.